சுவருக்கும் வேர்க்கும், தெரியுமா?

வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பும், முல்லைப் பெரியாறு அணைக் கலவையில் போன சுண்ணாம்பும், கும்பகோணத்தில் என் அத்தை வீட்டுக் கூடத்துச் சுவரிலிருந்து மாவாக உதிர்ந்துகொண்டிருந்த சுண்ணாம்பும் ஒரே சரக்குதான், தெரியுமா? ஓதம் ஏறிய ஒரே ஒரு சுவரைப் பூசப் போகும்வரை எனக்கும் தெரியாது. போனபிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்த சங்கதிகள் இருக்கிறதே, அப்பப்பா! மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

அத்தை வீட்டுக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீளும் பழைய வீடு. சுவர் ஒன்றரை அடி கனம். கூடத்தில் மேற்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓதம். பெயிண்ட் கொப்புளித்து, விரல் பட்டால் அப்பளம்போல உடையும். ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். “பழைய காரையெல்லாம் கொத்தி எறிஞ்சிட்டு, சிமெண்ட்ல வாட்டர் புரூஃப் ஊத்திப் பூசிட்டா இருபது வருஷத்துக்குக் கவலையே இல்லம்மா” என்றார். பூசினார். சுவர் பளிங்குபோல நின்றது. மூன்றாவது ஐப்பசி மழையில் ஓதம் மறுபடி வந்தது. வந்த இடம்தான் அதிசயம்! இரண்டடியில் இருந்தது ஐந்தடிக்குப் போய்விட்டது. சிமெண்ட் பூச்சு முடிகிற கோட்டுக்கு மேலே, சரியாக மாமாவின் படத்துக்குக் கீழே, சந்தனம் பூசியதுபோல ஒரு பட்டை.

தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும் என்று யார் சொன்னது? மெல்லிய துளை கிடைத்தால் அது கீழிருந்து மேலே ஏறும், தெரியுமா! துளை எவ்வளவுக்கெவ்வளவு ஒடுங்கியதோ அவ்வளவுக்கவ்வளவு உயரம் ஏறும் என்ற கணக்கை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1718இலேயே சொல்லிவிட்டார். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டத்தை நூறில் ஒரு பங்காக ஒடுக்கினால் கணக்குப்படி 3 மீட்டர். செங்கல்லிலும் காரையிலும் இதைவிடப் பொடியான துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. அப்படியானால் ஓதம் ஏன் கூரைவரை போவதில்லை? அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஏறும்போதே அது வழிநெடுகச் சுவரின் முகத்தில் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஏறுகிற தண்ணீரும் ஆவியாகிற தண்ணீரும் சமமாகிற இடத்தில் ஓதக்கோடு நிற்கும். பெரும்பாலான வீடுகளில் அது ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர். அதாவது சுவருக்கு நாள் முழுக்க வேர்த்துக்கொண்டே இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

இப்போது அந்தச் சுவருக்கு ஒரு ரெயின்கோட்டை மாட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் அந்த ஒப்பந்தக்காரர் செய்தார். வேர்க்க வழியில்லாத தண்ணீர், வழி கிடைக்கிற இடம்வரை ஏறிப் போய் ஐந்தடியில் வெளியே வந்தது. சுவரில் டைல்ஸ் ஒட்டினாலும், பிளாஸ்டிக் பலகை அடித்தாலும் இதே கதைதான்.

அடுத்த அதிர்ச்சி! பூச்சைப் பெயர்த்துத் தள்ளுவது தண்ணீர் அல்ல, உப்பு. ஏறுகிற தண்ணீர் மண்ணிலிருந்தும் செங்கல்லிலிருந்தும் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு எங்கே போகும்? அங்கேயே படிகமாகிறது. அதில் மகாவில்லன் ஒருவன் உண்டு, சோடியம் சல்பேட். 17ஆம் நூற்றாண்டில் யோஹான் கிளாபர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதைக் கண்டு வியந்து லத்தீனில் ‘அதிசய உப்பு’ என்று பெயர் வைத்தார். எதற்கு விற்றார்கள் தெரியுமா? பேதி மருந்தாக! அந்தப் பேதி உப்புதான் உங்கள் சுவருக்கும் பேதியைக் கொடுக்கிறது. ஈரம் சேரும்போது ஒவ்வொரு மூலக்கூறும் பத்துத் தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். அப்போது அதன் பருமன் ஏறத்தாழ நான்கு மடங்காகும். துளைக்குள் உட்கார்ந்தபடி நான்கு மடங்கு பெருத்தால் துளை தாங்குமா? பூச்சு வெடித்துப் பொரிந்து வருகிறது.

இன்னும் கேளுங்கள். இந்த உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதற்கும் விட்டுவிடுவதற்கும் உள்ள எல்லை 32.4 டிகிரி செல்சியஸ். நம்மூர் நண்பகல் வெயிலும் பின்னிரவுக் குளிர்ச்சியும் அந்தக் கோட்டின் இருபக்கமும்தானே ஊசலாடுகின்றன! தஞ்சாவூர்ச் சீமைச் சுவருக்குள் இந்த உப்பு மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

சாதாரணச் சாப்பாட்டு உப்பும் சளைத்ததல்ல. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். கார்த்திகை மாதம் சமையலறை உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள், தெரியும். சுவருக்குள் உப்பு இருந்தால் குழாய்க் கசிவே இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் சுவர் வியர்த்து நிற்பது இதனால்தான். ஈரத்தை அளக்கிற மின்கருவிகூட உப்பைப் பார்த்து ஏமாந்து ஈரம் என்று கூவிவிடும்!

பழைய மாட்டுத்தொழுவச் சுவர் என்றால் நைட்ரேட் உப்பு. அதே சாதி உப்பிலிருந்துதான் வெடியுப்பு எடுத்தார்கள், தெரியுமா? பிரான்சில் வீட்டு நிலவறைச் சுவர்களைச் சுரண்டி வெடியுப்பு எடுக்க அரசு ஆட்களுக்கு உரிமையே இருந்தது. சுவரின் சீக்கு ஒரு காலத்தில் பீரங்கிக்கு மருந்து!

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். அடுக்களையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாள் போதும். ஒரு சதுர அடித் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். மறுநாள் பாருங்கள். தாளின் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் இருந்தால் அது காற்றின் ஈரம். உள்புறம் இருந்தால் சுவர்தான் குற்றவாளி. அத்தை வீட்டில் உள்புறம் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

பூச்சை மாற்றுவதற்கு முன்னால் நான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது தெருவை. அதை எனக்குக் காட்டியவர் ஸ்வாமிமலைப் பக்கத்திலிருந்து அழைத்துவந்த வயதான கொத்தனார். சுவரைப் பார்க்கவே இல்லை அவர், நேரே வாசலுக்குப் போனார். “தம்பி, இந்தத் திண்ணைக்கு எத்தனை படி இருந்துச்சு?” என்றார். அத்தை உள்ளேயிருந்து, “அஞ்சு படிங்க!” என்றார். இப்போது இருப்பது இரண்டு. மற்ற மூன்றும் எங்கே? தார்ச்சாலைக்குள்! ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு எழும்பிவிட்டது, வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. தெருவில் நிற்கிற தண்ணீர் முழுக்க நேரே அஸ்திவாரத்துக்கு. போதாக்குறைக்கு நாங்களே முற்றத்திலும் வீட்டைச் சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டு மண்ணின் வாயை அடைத்திருந்தோம். மண்ணில் வேர்க்க முடியாத ஈரத்துக்கும் இருக்கிற ஒரே வழி சுவர்தானே? சுவரோரமாக இரண்டடி அகலத்துக்குத் தளத்தை உடைத்துச் சரளைக்கல் போட்டதும், வாசல் சாக்கடையை ஆழமாக்கியதும்தான் முதல் வைத்தியம். பூச்சு அதற்குப் பிறகு.

சிமெண்ட் என்ற பெயரே நம் தாத்தாக்களின் கட்டட அகராதியில் எவ்வளவு புதிது, தெரியுமா? ‘போர்ட்லண்ட் சிமெண்ட்’ என்ற பெயருக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். போர்ட்லண்ட் தீவுக் கல்போன்ற நிறம் வருகிறது என்பதால் அந்தப் பெயர். டால்மியாபுரத்தில் ஆலை வந்தது 1939இல். ஆமாம், ரயில் நிலையத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி 1953இல் போராட்டம் நடந்ததே, அதே ஊர்தான். தாழையூத்து ஆலை 1949இல். ஆகவே உங்கள் வீடு அதற்கெல்லாம் முந்தியது என்றால் அதன் எலும்பு மூட்டெல்லாம் பெரும்பாலும் சுண்ணாம்புதான். அதன்மேல் சிமெண்டைப் பூசுவது வேட்டி கட்டிய பெரியவருக்கு இரும்புக் கவசம் மாட்டுகிற மாதிரி. சிமெண்ட் விறைப்பு; பழைய சுவரோ வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அசைந்தால் சிமெண்டில் மயிரிழை விரிசல் விழும். விரிசல் வழியாக மழைநீர் உள்ளே போகும். போனது வெளியே வர முடியாது. அது மட்டுமா? சிமெண்டுக்குள்ளேயே கரையக்கூடிய கார சல்பேட்டுகள் இருக்கின்றன. அதாவது அந்தப் பேதி உப்பை நாமே காசு கொடுத்து வாங்கிச் சுவருக்கு ஊட்டுகிறோம்!

சிமெண்டை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு கடல் இருந்தது, தெரியுமா? ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் அடுக்கடுக்காகப் படிந்ததுதான் இன்றைய அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். ஒரு மூட்டை சிமெண்டைத் தூக்கும்போது டைனோசர் காலத்துக் கடலைத் தோளில் சுமக்கிறோம்.

இனி நம் கதாநாயகன். இந்த ஒரு பகுதிக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். சுண்ணாம்பு ஒரு வட்டத்தில் சுற்றிவருகிறது, தெரியுமா? சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 டிகிரிக்குச் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு கிளம்பி ஓடிவிடும். 100 கிலோ கல்லைச் சுட்டால் கையில் மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. 44 கிலோ காற்றோடு காற்றாகப் போயிற்று! அந்த 56 கிலோ தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் காட்டினால் உறுமும், கொதிக்கும், ஆவி பறக்கும், நெருப்பில்லாமலே. இதைத்தான் நீற்றுவது என்கிறோம். நீறிய சுண்ணாம்பைப் பூசிவிட்டால்? அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது! காளவாயில் பறந்துபோனது சுவரில் திரும்பி வந்து உட்காருகிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழம் என்பது வேலைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. நீங்கள் பூசியபிறகும் உங்கள் சுவர் மாதக்கணக்கில் கல்லாகிக்கொண்டே இருக்கிறது.

கொத்தனார் சுண்ணாம்பை நீற்றியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தொட்டியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் கல். மாற்றிச் செய்தால் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும் என்பதால், தானும் கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்றைக் கொடுத்தார். முதல் நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம். கல் விரிந்தது, பிளந்தது, பொங்கியது. தொட்டி விளிம்பில் கை வைக்க முடியாத சூடு. சாயந்திரம் பார்த்தால் மோர்க்குழம்பு பதத்தில் வெள்ளைக் களி. “இத இப்பத் தொடாதீங்க, தூங்கட்டும்” என்று சாக்கைப் போட்டு மூடினார். எத்தனை நாள் தூங்கும்? ரோமானியர்களின் பழைய சட்டப்படி மூன்று வருடம் ஊறாத சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக்கூடாது என்று அவர்கள் காலத்து எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்! எங்கள் கொத்தனார் பெருந்தன்மையோடு இருபத்தொரு நாளில் விட்டார்.

இந்தச் சுண்ணாம்புக்கு நீளமான வம்சாவளி உண்டு. ஜோர்டானில் அயின் கசால் என்ற இடத்தில் 1983இல் தோண்டியெடுத்த சுண்ணாம்புச் சுதைச் சிலைகளுக்கு வயது ஏறத்தாழ 9000 ஆண்டுகள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் ஒளிந்திருந்த சோழர் ஓவியம் 1931இல் வெளிச்சத்துக்கு வந்ததே, அது ஒட்டிக்கொண்டிருந்ததும் சுண்ணாம்புக் காரையில்தான்.

மதராஸ் சாந்து லண்டனில் பெயர் வாங்கிய கதை தெரியுமா? 1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஐசக் பைக், செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர். பொருள்? மதராஸில் மிகச் சிறந்த சாந்து செய்வது எப்படி! நியூட்டன் தலைமை வகித்த அதே சபையின் இதழில், நியூட்டன் மறைந்து ஐந்தே வருடத்தில், நம்மூர்க் கொத்தனாரின் வெல்லமும் கடுக்காயும் பயறு வேகவைத்த நீரும் அச்சேறிவிட்டன! பளபளப்பு வேண்டும் என்றால் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய். ‘சுனாம்’ என்றே ஆங்கிலத்தில் ஒரு சொல் ஏறி உட்கார்ந்தது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் இன்றும் முகம் தெரிகிறது என்றால் அந்தப் பரம்பரைதான். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையிலும் சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று அடுக்குவார்கள்.

வெல்லமும் கடுக்காயும் எதற்கு, பூஜைக்கா? இல்லை! வெல்லத்தின் சர்க்கரை, சாந்து வேகமாக இறுகிவிடாமல் இழுத்துப் பிடித்து இழைப்பதற்கு நேரம் கொடுக்கிறது. கடுக்காயில் இருப்பது டேனின் என்ற துவர்ப்பு. சீனாக்காரர்கள் பசை அரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்தார்கள். அரிசியின் மாவுச்சத்து சுண்ணாம்புப் படிகத்தை வளரவிடாமல் நுணுக்கமாக நெருங்கவைத்து உறுதி தருகிறது என்று சீன ஆராய்ச்சியாளர்கள் 2010இல் விளக்கினார்கள். ஆனாலும் ஓதச் சுவருக்கு முட்டையும் நெய்யும் வேண்டாம் என்பது என் கட்சி. மெழுகியதுபோலப் பளபளக்கிற பூச்சு காய்ந்த மாடிச் சுவருக்கு அழகு, கீழே வேர்க்கிற சுவருக்கு அது இன்னொரு ரெயின்கோட்.

தண்ணீருக்கடியிலும் இறுகுகிற சுண்ணாம்பு உண்டா? உண்டு! செங்கல்லைப் பொடித்துக் கலந்தால் போதும். சுர்க்கி என்பார்கள், சிவப்பு என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. பக்குவமாகச் சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடி, காற்றில்லாமலே கல்லாகும். பென்னிகுவிக் 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணைக்குள் இருப்பது இந்தச் சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவைதான். ஓதம் நிற்கிற அடிச்சுவரில் வெறும் சுண்ணாம்பு இறுகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அங்கே முதல் பூச்சுக்குச் சுர்க்கி சேர்த்த சுண்ணாம்பு, மேல்பூச்சுக்கு வெறும் சுண்ணாம்பு. அணைக்கட்டின் பக்குவம் அத்தை வீட்டுக் கூடத்துக்கு!

கடையில் போய் ‘சுண்ணாம்பு கொடுங்க’ என்று நின்றால் ஏமாந்தீர்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 712 கட்டடச் சுண்ணாம்பை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தானே நீரில் நன்றாக இறுகுவது ஏ, ஓரளவு இறுகுவது பி, கொழுப்புச் சுண்ணாம்பு என்கிற வெள்ளை வெளேர் சரக்கு சி. நம் கிளிஞ்சல் சுண்ணாம்பு இந்த சி குடும்பம்.

இப்போது ஒரு பெரிய தப்பைச் சொல்கிறேன், பத்துக்கு எட்டுப் பேர் செய்வது. “சுண்ணாம்பு லேசா இருக்கும், பிடிப்புக்கு ரெண்டு சட்டி சிமெண்ட் போட்டுக்கலாம்” என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா? இங்கிலாந்தில் 1990களில் ‘ஸ்மீட்டன் திட்டம்’ என்று பழைய கட்டடச் சாந்துகளைச் சோதித்தார்கள். கொஞ்சூண்டு சிமெண்ட் சேர்த்த சுண்ணாம்பு, சிமெண்டே சேராத நல்ல கலவையைவிட மோசமாக நடந்துகொண்டது! சிமெண்ட் தன் பாட்டுக்கு முதலில் இறுகிவிடுகிறது, துளைகளை அடைக்கிறது, சுண்ணாம்பு கல்லாக வழியில்லாமல் போகிறது. சிமெண்டின் பிடிப்பும் இல்லை, சுண்ணாம்பின் இளக்கமும் இல்லை. அரைக்கிணறு தாண்டுகிற கதை. உங்கள் வீடு 1960களுக்குப் பிறகு சிமெண்டிலேயே கட்டியதா? அப்படியானால் ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற பழகிய அளவு உங்களுக்குப் பொருந்தும். பழைய சுண்ணாம்பு வீட்டுக்கு அதுவும் வேண்டாம்.

ஜிப்சம் பூச்சு? வெள்ளையாக, வழவழவென்று, ஒரே நாளில் முடிந்துவிடும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது தண்ணீரில் கரையும், தெரியுமா? லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல். ஓதச் சுவரில் அதைப் பூசுவது மைதா மாவைப் பூசுவது மாதிரி. ஜெர்மானியர்கள் உப்பேறிய சுவருக்கென்றே பெரிய பெரிய துளைகளோடு ஒரு புதுப்பிப்புப் பூச்சைச் செய்தார்கள். உப்பு படிகமாவதற்கு உள்ளேயே இடம் விட்டுவைத்த பூச்சு! விலை கடிக்கும், வேலை நன்றாகத்தான் நடக்கும்.

மணலிலும் தண்ணீரிலும் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். கடல் மணல் என்றால் உப்பை மூட்டை கட்டிக் கொண்டுவருவது. எம்.சாண்ட் என்றால் பூச்சுக்கென்று கழுவிச் சலித்த பி.சாண்ட் கேட்டு வாங்க வேண்டும். உப்புக் கரிக்கிற போர்வெல் தண்ணீரில் சாந்து குழைத்தால் போன உப்பை வாசல் வழியே அழைத்துவருகிறோம். எங்கள் கொத்தனார் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடத்தைக் கவிழ்க்கச் சொன்னார்.

அப்புறம் வேலை. பழைய சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார்கள். செங்கல் இடுக்கில் பொடிந்த சாந்தைச் சுரண்டினார்கள். உப்பைத் துடைத்தது எப்படித் தெரியுமா? காய்ந்த தென்னந்துடைப்பத்தால்! தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே ஓடியிருக்கும். உதிர்ந்ததையும் சாக்கில் அள்ளித் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிறகு காத்திருப்பு. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது சுவர் காய்வதற்கான பழங்கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் என்றால் கணக்குப்படி ஒன்றரை வருடம்! அத்தையின் முகம் விழுந்துவிட்டது. கொத்தனார் சிரித்தார். “இந்தப் பூச்சுக்கு முழுசாக் காய வேணாம்மா. சொட்டச் சொட்ட இல்லாம இருந்தாப் போதும். பூச்சு வழியாவே மிச்சம் காயும்.” கோடை முழுக்க ஜன்னல்களைத் திறந்துவைத்தோம், ஆனி முதல் வாரத்தில் பூசினோம்.

முதல் பூச்சு அரை அங்குலத்துக்கும் குறைவு. கரண்டியால் வீசி அடித்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, ஆறும் முன்னே ஆணிப்பலகையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டார். அடுத்த பூச்சு பிடித்துக்கொள்ள அந்தக் கீறல் வேண்டும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு வெயிலும் காற்றும் படாமல் பார்த்துக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து இரண்டாவது, பிறகு மெல்லிய மூன்றாவது. அடியில் தரைக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. “தரையத் தொட்டா அது திரி மாதிரி உறிஞ்சும்” என்றார். ஜூரினைப் படிக்காத ஜூரின்!

மேலே என்ன அடிப்பது? எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் இவ்வளவும் வீண். சுண்ணாம்பையே நீர்க்கக் கரைத்து வெள்ளையடிக்க வேண்டும். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்தார்களே, அது அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது பராமரிப்பு! கரைந்த சுண்ணாம்பு மயிரிழை விரிசல்களில் இறங்கிக் கல்லாகி அடைத்துவிடும். அதன் காரத்தன்மை பி.எச். அளவில் 12க்கு மேல், பூஞ்சைக்குச் சாபம். நிறம் தூக்கலாகத் தெரிய ஒரு சிட்டிகை நீலம், கையில் ஒட்டாமல் இருக்க வஜ்ஜிரம். சிலர் கல் உப்பும் போடுவார்கள். ஓதச் சுவரில் அது மட்டும் கூடாது, இவ்வளவு சொன்னபிறகு ஏன் என்று சொல்ல வேண்டாமே.

இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சுவரில் ஓதம் போயே போய்விட்டதா? இல்லை! முழங்கால் உயரத்தில் லேசான ஒரு நிழல் உண்டு, மார்கழியில் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். மேல்பூச்சு ஓரிரு இடத்தில் மாவாக உதிர்கிறது. உதிரத்தான் வேண்டும்! சுவருக்குள் இருந்த உப்பைச் செங்கல்லை விட்டுவிட்டுத் தன்மேல் வாங்கிக்கொண்டு உதிர்வதற்காகவே பூசிய பூச்சு அது. எட்டு, பத்து வருடத்தில் கீழ்ப்பகுதியை மட்டும் தட்டிவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம் என்று கொத்தனார் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்.

அத்தைக்கு இப்போது இது ஒரு பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமை கூடம் பெருக்கும்போது மேற்குச் சுவரோரம் மட்டும் தனியாகப் பெருக்கி முறத்தில் எடுத்துவைக்கிறார். போனவாரம் போயிருந்தபோது வாசலிலேயே நிறுத்திக் காட்டினார். ஒரு கரண்டி வெள்ளைப் பொடி. “பாத்தியாடா, இந்த வாரம் மட்டும் இவ்ளோ வெளிய வந்திருக்கு!”

மாமாவின் படத்துக்குக் கீழே இருந்த பட்டை மட்டும் மங்கலாக இன்னும் தெரிகிறது. வருகிற பொங்கலுக்கு அங்கேயும் ஒரு கை வெள்ளையடிக்க வேண்டும்.